வருத்தமும் மன்னிப்பும்

தினப் பத்திரிகை படிக்கிற வழக்கமுள்ளவர்களுக்கு ஒரு வாக்கியம் மிகவும் பழகிப் போயிருக்கும். "அவர் வருத்தம் தெரிவித்தார், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை" என்பதுதான் அது. சில சமயம் யாரோ ஒரு மந்திரியைப் பற்றி இப்படி வரும். சில சமயம் ஒரு தேசத்தின் சர்க்காரைப் பற்றியே வரும். காப்பியை ஆற்றிக்கொண்டே அதைப் படித்துவிட்டு நாம் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். வருத்தம் என்று சொல்லியாகிவிட்டதே, அப்புறம் மன்னிப்பு எதற்கு என்று சிலருக்குத் தோன்றும். இவ்வளவு தூரம் வந்தவர் மன்னிப்பையும் கேட்டுவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று வேறு சிலருக்குத் தோன்றும்.

அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி சாமானியமானதல்ல. அந்த இடைவெளியில் நூறு வருஷம் காத்து நின்ற ஜனங்கள் இருக்கிறார்கள். அதைத் தாண்ட மனமில்லாமல், தாண்டாமலிருப்பதற்கு ஏற்ற வேறு சொல்லைத் தேடிப் பிடித்த பிரதம மந்திரிகளும் இருக்கிறார்கள். உலகச் செய்திகளில் இந்தச் சர்ச்சை வரும்போதெல்லாம் அது பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய சர்ச்சையாகவே இருக்கிறது. ஆகையால் ஆங்கிலத்தில் துக்கத்தையும் வருத்தத்தையும் சொல்லுகிற சொற்கள் எந்தக் குலத்தில் பிறந்தன, எப்படி வளர்ந்தன, யாருக்கு ஊழியம் செய்தன என்று கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

முதலில் 'ஸாரி'யையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் இன்று இந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தால் ஸாரி. டெலிபோனில் ராங் நம்பர் ஆனால் ஸாரி. கைமாற்றுக் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புவதற்கும் ஸாரி. இங்கிலாந்தில் மிதித்தவன் மட்டுமின்றி மிதிபட்டவனும் ஸாரி சொல்வான் என்று ஆங்கிலேயர்களே தங்களைக் கேலி செய்துகொள்வதுண்டு.

இப்படி மலிந்து போன சொல், பிறந்தபோது மிகவும் கனமுள்ளதாக இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் 'ஸார்' என்றால் புண், வலி. அதிலிருந்து வந்த சொல் 'ஸாரிக்'. வேதனையால் நிறைந்தவன் என்று அதற்குப் பொருள். இன்றைக்கும் ஆங்கிலத்தில் புண்ணுக்கு 'ஸோர்' என்றே பெயர். 'மனம் புண்பட்டது' என்று நாம் சொல்கிறோமே, அந்த வழக்குக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஒருவன் ஸாரி என்று சொன்னால், 'என் உள்ளே புண் இருக்கிறது' என்று அந்தக் காலத்தில் அர்த்தம்.

'ஸாரி'யும் 'ஸாரோ'வும் உடன் பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்திலும் ஒலியிலும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பம். 'ஸாரோ' என்ற சொல்லின் மூலம் 'ஸோர்க்'. அதன் உறவுக்காரி ஜெர்மன் பாஷையில் கவலையைக் குறிக்கும் 'ஸோர்கெ' என்ற சொல். ஒரே தெருவில் நெடுங்காலம் குடியிருந்த இரண்டு பெண்களுக்குப் பேச்சும் சாடையும் ஒன்று போல் ஆகிவிடுவதுண்டல்லவா? அந்த மாதிரி, 'ஸாரோ'வோடு பழகிப் பழகி 'ஸாரி'யின் உச்சரிப்பே மாறிப் போயிற்று.

மற்றச் சொற்களின் பூர்வீகமும் ரஸமானதுதான். 'ஸாட்' என்றால் இன்று சோகம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வயிறு நிறைந்தவன், திருப்தியடைந்தவன் என்று பொருள். நிறைந்தால் கனக்கும், கனத்தால் அசைய முடியாது, அசைய முடியாதவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்படிப் படிப்படியாக நகர்ந்து, விருந்துச் சாப்பாட்டில் தொடங்கிய சொல் துக்கத்தில் வந்து முடிந்தது. 'க்ரீஃப்' என்ற சொல்லுக்கு லத்தீனில் மூலம் பாரம் என்பது. 'நெஞ்சு கனத்தது' என்று எழுதுகிற தமிழ்க் கதாசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ரூத்' என்று இரக்கத்தையும் வருத்தத்தையும் குறிக்கும் ஓர் அழகான சொல் இருந்தது. அது பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் அது இல்லாத நிலையைக் குறிக்கும் 'ரூத்லெஸ்' மட்டும் சௌக்கியமாக வாழ்கிறது. இரக்கம் என்ற சொல் போய், இரக்கமற்றவன் என்ற சொல் தங்கிவிட்டது!

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 'ரிமார்ஸ்'. செய்த தவற்றை நினைத்து நினைத்து உள்ளுக்குள் வேகிற வேதனைக்கு அந்தப் பெயர். லத்தீனில் அதற்கு மறுபடியும் கடித்தல் என்று பொருள். இங்கிலாந்தில் கான்டர்பரி நகரத்து மடமொன்றில் இருந்த ஒரு துறவி, பாவங்களைப் பற்றிய ஒரு பிரெஞ்சு நூலைத் தம் ஜில்லாப் பேச்சில் மொழிபெயர்த்தார். அதை முடித்த வருஷம் 1340. 'ரிமார்ஸ்' என்ற அந்நியச் சொல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சொந்தப் பாஷையிலேயே 'அயன்பைட் ஆஃப் இன்விட்' என்று தலைப்பு வைத்தார். உள்ளறிவு திரும்பத் திரும்பக் கடிப்பது என்று தமிழில் சொல்லலாம். மனச்சாட்சிக்குப் பற்கள் உண்டு என்று அந்த மனிதர் கண்டிருக்கிறார். ஆனால் அவருடைய சொல் பிழைக்கவில்லை. கற்றவர்கள் பயன்படுத்திய 'ரிமார்ஸ்' தான் நின்றது.

ஏன் அப்படி? அதற்கு 1066-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த வருஷம் பிரான்ஸிலிருந்து நார்மன் பிரபு வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு சில நூற்றாண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நடமாடியது. வயலிலும் சமையலறையிலும் ஆங்கிலம் நடமாடியது. இந்த இரட்டைக் குடித்தனம் துக்கத்தையும் விட்டு வைக்கவில்லை. வீட்டில் அழுவதற்கு ஒரு சொல், சபையில் வருந்துவதற்கு ஒரு சொல் என்று பாகப்பிரிவினை ஆயிற்று. இங்கிலீஷ் படித்த நம் தாத்தாக்கள் வீட்டில் ஒரு பாஷையும் கச்சேரியில் ஒரு பாஷையும் பேசினார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படிச் சபைக்கு வந்த சொல்தான் 'ரிக்ரெட்'. நம் கதையில் முக்கியமான பாத்திரம் இதுதான். பழைய பிரெஞ்சில் இதற்கு என்ன பொருள் தெரியுமா? இறந்து போனவரை நினைத்து வாய்விட்டுப் புலம்புவது. அதாவது ஒப்பாரி. தலைவிரி கோலமாய்ப் பிணத்தருகே உட்கார்ந்திருந்த அந்தச் சொல், ஆங்கிலத்துக்கு வந்து, நாளடைவில் தலைவாரிக் கோட்டும் மாட்டிக்கொண்டு ஆபீஸ் மேஜைக்கு முன் உட்கார்ந்துவிட்டது. 'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற கடிதத்தில் உள்ளது அந்த வருத்தம்தான். கதை எழுதுகிறவர்கள் வாழ்நாளில் அந்த வகைக் கடிதம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அச்சடித்த சீட்டில் வருகிற வருத்தம் அது. யாருக்கும் அதனால் கண் கலங்கியதாகத் தெரியவில்லை, பெற்றுக்கொண்டவரைத் தவிர.

முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ராணுவ இலாகாவிலிருந்து அதிகாரிகளின் வீடுகளுக்குத் தந்தி வரும். 'ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்' என்று தொடங்கும். சாதாரணச் சிப்பாய் இறந்தால் தந்தி கிடையாது; அச்சடித்த படிவம் தபாலில் வரும். பெயரையும் தேதியையும் மட்டும் பேனாவால் எழுதி நிரப்பியிருப்பார்கள். ஒப்பாரி என்று பிறந்த சொல் மறுபடியும் சாவுச் செய்தியைச் சுமந்து போயிற்று; ஆனால் அதன் குரல் போய்விட்டிருந்தது.

மூன்றாவது பாத்திரம் 'அபாலஜி'. மன்னிப்பு என்று நாம் மொழிபெயர்க்கிறோம். ஆனால் கிரேக்கத்தில் 'அபாலொகியா' என்றால் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்று சொல்லுகிற எதிர்வாதம். கி.மு. 399-ல் ஏதென்ஸ் நகரில் ஸாக்ரடீஸ் விசாரிக்கப்பட்டார். அவருடைய வாதத்தைப் பிளேட்டோ எழுதி வைத்த நூலுக்கு 'அபாலஜி' என்றே பெயர். அந்த நூலைத் தேடிப் பார்த்தால் ஸாக்ரடீஸ் ஓரிடத்திலும் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார். தாம் செய்தது சரிதான் என்று சாதித்துவிட்டு விஷத்தைக் குடித்தார்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16-ம் நூற்றாண்டில் வந்தபோதும் அந்தப் பழைய பொருளோடுதான் வந்தது. கவிதைக்காகப் பரிந்து பேசி பிலிப் ஸிட்னி எழுதிய புத்தகம் 1595-ல் வெளியாயிற்று. அதற்கும் இந்தச் சொல்தான் தலைப்பு. 1796-ல் ரிச்சர்ட் வாட்ஸன் என்ற பிஷப், தாமஸ் பெயினின் தாக்குதலுக்குப் பதிலாகப் பைபிளை ஆதரித்து ஒரு நூல் எழுதி, 'பைபிளுக்கு ஓர் அபாலஜி' என்று பெயர் வைத்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அதைக் கேள்விப்பட்டு, "பைபிளுக்கு அபாலஜி தேவையென்று எனக்கு இதுவரை தெரியாதே!" என்றாராம். மன்னர் சொன்னது நிஜமோ, யாராவது கட்டிவிட்டதோ, அதற்குள் சொல்லின் பொருள் மாறிவிட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. 'நான் செய்தது சரி' என்று வாதாடப் பிறந்த சொல், 'நான் செய்தது தவறு' என்று தலைகுனியும் சொல்லாகிவிட்டது. ஆனாலும் பிறவிக் குணம் அடியோடு போய்விடுமா? மன்னிப்புக் கேட்க வந்துவிட்டு, 'ஆனால் அன்றைக்கு நிலைமை எப்படியிருந்ததென்றால்' என்று வாதத்தில் இறங்குகிறவர்களை நாம் பார்க்கவில்லையா?

ஆக, வீட்டுச் சொல் ஸாரி; ஆபீஸ் சொல் ரிக்ரெட்; கோர்ட்டுச் சொல் அபாலஜி. மூன்றையும் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசும் சர்க்கார்கள் என்ன செய்தன என்பதுதான் இனிச் சொல்ல வேண்டிய கதை.

* * *

ஸாரியில் ஒரு சங்கடம் உண்டு. நண்பனின் தகப்பனார் காலமாகிவிட்டால் ஸாரி என்கிறார்கள். நண்பனின் கடிகாரத்தைக் கீழே போட்டு உடைத்தாலும் ஸாரி என்கிறார்கள். முன்னது அனுதாபம், பின்னது குற்றத்தை ஒப்புக்கொள்வது. தமிழில் 'ஐயோ, பாவம்!' என்பதும் 'மன்னித்துவிடுங்கள்' என்பதும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே பாத்திரத்தில் கிடக்கின்றன. எதை மொண்டு எடுத்தோம் என்று சொன்னவர்தான் சொல்ல வேண்டும்.

2001 ஏப்ரல் முதல் தேதி, சீனாவின் ஹைனான் தீவுக்கு அருகே ஓர் அமெரிக்க உளவு விமானமும் ஒரு சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி உயிரிழந்தார். அமெரிக்க விமானம் அனுமதியின்றி அந்தத் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டால்தான் விடுவோம் என்றது சீனா. கேட்க மாட்டோம் என்றது அமெரிக்கா. 11 நாள் இந்த இழுபறி நடந்தது. கடைசியில் அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் கொடுத்தார். விமானி இறந்ததற்கு ஒரு 'வெரி ஸாரி', அனுமதியின்றி இறங்கியதற்கு ஒரு 'வெரி ஸாரி'. சீனாவில் அது ஆழ்ந்த மன்னிப்புப் போல் தொனிக்கும்படி மொழிபெயர்க்கப்பட்டது. அமெரிக்காவிலோ, அது மன்னிப்பே அல்ல என்று மந்திரிகள் விளக்கினார்கள். இருவரும் ஜயித்தார்கள். 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒரு சொல்லின் தெளிவின்மையால் நன்மை விளைந்த சந்தர்ப்பம் இது என்று நாமும் ஒப்புக்கொள்ளலாம்.

சாதாரண ஜனங்கள் விஷயத்தில் இதே தெளிவின்மை வேறு மாதிரி வேலை செய்தது. மோட்டார் மோதிவிட்டது, ஆஸ்பத்திரியில் சிகிச்சை பிசகிவிட்டது. அப்போது வாய் தவறி ஸாரி சொல்லிவிட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வக்கீல் பிடித்துக்கொள்வாரே என்ற பயம் வந்தது. மனிதனுக்கு மனிதன் ஆறுதல் சொல்வதே ஆபத்தாகிவிட்டது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் 1986-ல் இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. விபத்துக்குப் பிறகு சொல்லும் அனுதாப வார்த்தையைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2006-ல் இங்கிலாந்தும், மன்னிப்புக் கேட்டதனால் மட்டுமே அஜாக்கிரதையை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சட்டத்தில் எழுதியது. ஸாரி சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்புத் தேவைப்பட்ட காலம் வந்துவிட்டது!

* * *

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்கே 20-ம் நூற்றாண்டின் பெரும் பகுதியில், ஆதிகுடிகளின் குழந்தைகளைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் பாதிரிமார்களின் விடுதிகளும் தாய்மார்களிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்றார்கள். வெள்ளையர் முறையில் வளர்த்துச் சீர்திருத்தப் போவதாக அவர்கள் எண்ணம். 1997-ல் இதைப் பற்றி ஒரு விசாரணை அறிக்கை வெளியாயிற்று. 1910-லிருந்து 1970 வரை, பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான ஆதிகுடிக் குழந்தைகள் இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்றது அந்த அறிக்கை. பெயர் மாற்றப்பட்டு, தாய்மொழி மறந்து, தாய் உயிரோடிருக்கிறாளா என்பதும் தெரியாமல் வளர்ந்தவர்கள் அதில் சாட்சி சொல்லியிருந்தார்கள். பார்லிமெண்ட் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று.

அப்போதைய பிரதம மந்திரி ஜான் ஹோவர்ட் மறுத்தார். முந்திய தலைமுறை செய்த காரியத்துக்கு இந்தத் தலைமுறை எப்படிப் பொறுப்பாகும் என்பது அவர் கட்சி. 1999 ஆகஸ்டில் பார்லிமெண்டில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அதில் ஆழ்ந்த, மனப்பூர்வமான 'ரிக்ரெட்' இருந்தது. ஸாரி இல்லை. அந்த ஒரு சொல் இல்லாததை ஜனங்கள் கவனிக்காமல் இல்லை. 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் சுமார் இரண்டரை லட்சம் பேர் ஊர்வலமாக நடந்தார்கள். அன்று ஒரு விமானம் ஆகாயத்தில் புகையால் 'ஸாரி' என்று எழுதிக் காட்டியது. பிரதம மந்திரி சொல்லாத சொல்லை வானத்தில் படித்துக்கொண்டு ஜனங்கள் பாலத்தைக் கடந்தார்கள்.

இதில் இன்னொரு விசேஷம். ஆதிகுடிகள் தங்களுக்குள் பேசும் ஆங்கிலத்தில், ஒருவர் இறந்துவிட்டால் நடக்கும் துக்கச் சடங்குகளுக்கு 'ஸாரி பிஸினஸ்' என்று பெயர். பாதிக்கப்பட்டவனோடு கூட உட்கார்ந்து துக்கம் காப்பது என்பது அவர்கள் வழக்கில் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஆங்கிலேயர்கள் மறந்துவிட்ட பழைய புண்ணும் வலியும், அவர்களால் புண்பட்டவர்களின் பேச்சில் பத்திரமாக இருந்தன. அவர்கள் ஸாரி கேட்டபோது சட்டத்துக்கான ஒப்புதலை மட்டும் கேட்கவில்லை. 'எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்து உட்காருங்கள்' என்றும் கேட்டார்கள்.

2008 பிப்ரவரி 13-ந் தேதி, புதிய பிரதம மந்திரி கெவின் ரட் பார்லிமெண்டில் எழுந்து அந்தச் சொல்லைச் சொன்னார். பிரிக்கப்பட்டவர்களின் வேதனைக்காக ஒரு முறை, அவர்களுடைய தாய் தந்தையருக்காகவும் உடன்பிறந்தார்களுக்காகவும் ஒரு முறை, ஒரு சமூகத்துக்கு இழைத்த அவமானத்துக்காக ஒரு முறை என்று மூன்று தடவை சொன்னார். உயிரோடிருந்த முன்னாள் பிரதம மந்திரிகள் எல்லோரும் சபைக்கு வந்திருந்தார்கள், ஹோவர்ட் ஒருவரைத் தவிர. பார்வையாளர் பகுதியில் இருந்த கிழவர்களும் கிழவிகளும் அழுதார்கள். அந்தச் சொல்லோடு நஷ்டஈடு எதுவும் வரவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்தச் சொல்லுக்காக வந்தவர்கள் அதைப் பெற்றுக்கொண்டு போனார்கள்.

இங்கிலாந்துக்கும் இந்தச் சொல்லைச் சொல்லத் தெரியும். 1972 ஜனவரி 30-ந் தேதி, வட அயர்லாந்தில் டெரி நகரத்தில் ஊர்வலம் சென்றவர்கள் மீது பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு, அன்றே 13 பேர் இறந்தார்கள். அதே வருஷம் நடந்த அவசர விசாரணை சிப்பாய்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டது. இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. 1998-ல் மறு விசாரணை ஏற்பட்டது. அதன் அறிக்கை வெளிவர மேலும் 12 வருஷமாயிற்று. 2010 ஜூன் 15-ந் தேதி பிரதம மந்திரி டேவிட் காமரன் காமன்ஸ் சபையில், நடந்தது நியாயமற்றது, நியாயப்படுத்தவும் முடியாதது என்றார். சர்க்காரின் சார்பிலும் தேசத்தின் சார்பிலும் 'டீப்லி ஸாரி' என்றார். டெரி நகரச் சதுக்கத்தில் பெரிய திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, தங்கள் பிள்ளைகள் நிரபராதிகள் என்று சுட்டவனுடைய சர்க்காரே சொல்லிக் கேட்டார்கள்.

சொல்லைச் சொல்லும் இடமும் முக்கியம். 1914-ல் 'கோமகாடா மாரு' என்ற கப்பலில் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்குப் போன 376 இந்தியர்களில், பெரும்பாலோரைக் கரையிறங்க விடாமல் இரண்டு மாதம் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்கருகே பஜ்பஜ்ஜில் வந்து இறங்கியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். 2008-ல் கனடாவின் பிரதம மந்திரி ஸ்டீபன் ஹார்ப்பர் ஒரு பூங்காவில் நடந்த கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். சீக்கியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பார்லிமெண்டின் பெயரால் செய்த தவற்றுக்குப் பார்லிமெண்டில் அல்லவா கேட்க வேண்டும் என்றார்கள். 2016 மே 18-ந் தேதி ஜஸ்டின் ட்ரூடோ சபையிலேயே கேட்டார். அதன் பிறகுதான் அவர்களுக்கு மனம் ஆறியது.

* * *

இனி அமிர்தசரஸ்.

1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாகில் நடந்ததை இங்கே விஸ்தரிக்கத் தேவையில்லை. சுமார் பத்து நிமிஷத்தில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. சர்க்கார் கணக்குப்படி இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் விசாரணைக் குழுவின் கணக்குப்படி சுமார் ஆயிரம் பேர். ஜெனரல் டயர் விசாரணைக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். காயமுற்றவர்களுக்கு உதவி செய்தீர்களா என்று கேட்டதற்கு, அது தம் வேலையல்ல என்றும், ஆஸ்பத்திரிகள் திறந்திருந்தன, அவர்கள் போயிருக்கலாம் என்றும் பதில் சொன்னார். ஊரடங்கு உத்தரவோ, இரவில் வெளியே வருகிறவன் சுடப்படுவான் என்றிருந்தது.

அந்த இரவு ரத்தன் தேவி என்ற பெண்மணி, மைதானத்தில் கிடந்த பிணங்களுக்கிடையே தன் கணவனின் உடலைத் தேடிக் கண்டுபிடித்தாள். தூக்கிச் செல்ல உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை; ஊரடங்குக்குப் பயந்து யாரும் வரவில்லை. ஒரு மூங்கில் கழியைக் கையில் வைத்துக்கொண்டு, நாய்களை விரட்டியபடி, விடியும் வரையில் உடலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காங்கிரஸ் குழுவிடம் அவளே சொன்ன வாக்குமூலம் இது. 'ரிக்ரெட்' என்ற சொல் பழைய பிரெஞ்சில் எதைக் குறித்ததோ, அதை அன்றிரவு அந்த மைதானத்தில் அவள் செய்தாள்.

இங்கிலாந்து என்ன சொல்லிற்று? 1920 ஜூலையில் காமன்ஸ் சபையில், யுத்த மந்திரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதை ராட்சசத்தனமான சம்பவம் என்று கண்டித்தார். அதே மாதத்தில் பிரபுக்கள் சபை 86-க்கு 129 என்ற வோட்டுக் கணக்கில் டயருக்கு அநியாயம் நடந்துவிட்டதாகத் தீர்மானித்தது. லண்டன் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகை டயருக்காக நிதி திரட்டி சுமார் 26,000 பவுன் சேர்த்தது. 1921 பிப்ரவரியில் டில்லியில் புதிய சட்டசபையைத் திறந்து வைக்க வந்த கன்னாட் பிரபு, அமிர்தசரஸின் நிழல் இந்தியாவின் மேல் நீண்டு கிடப்பதாக உருக்கமாகப் பேசினார். பழைய தவறுகளைப் புதைத்துவிட்டு, மன்னிக்க வேண்டியதை மன்னியுங்கள் என்றார். மன்னிப்புக் கேட்கும் கட்டத்தைத் தாண்டி, நேராக மன்னிக்கும் கட்டத்துக்கு நம்மை அழைத்துப் போகப் பார்த்தார்!

அப்புறம் 76 வருஷம் கழிந்தது. 1997 அக்டோபரில் எலிஸபெத் ராணி வந்தார். டில்லி விருந்தில், நம் கடந்த காலத்தில் கடினமான அத்தியாயங்கள் உண்டு என்றும், ஜாலியன்வாலா பாக் மனத்தை வருத்தும் ஓர் உதாரணம் என்றும் பேசினார். மறுநாள் அங்கே போய் மலர் வளையம் வைத்தார். 2013 பிப்ரவரியில் டேவிட் காமரன் வந்தார். டெரியில் இறந்தவர்களுக்காக 'டீப்லி ஸாரி' சொன்ன அதே காமரன். வருகைப் புத்தகத்தில் 'மிகவும் வெட்கத்துக்குரிய சம்பவம்' என்று எழுதினார். மன்னிப்புக் கேட்கவில்லை. தாம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு நடந்தது என்று காரணம் சொன்னார். நூறாவது வருஷம் நெருங்கியபோது, 2019 ஏப்ரல் 10-ந் தேதி, பிரதம மந்திரி தெரஸா மே காமன்ஸ் சபையில், நடந்ததற்கும் அதனால் விளைந்த துன்பத்துக்கும் ஆழ்ந்த 'ரிக்ரெட்' தெரிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் எழுந்து, ஐயத்துக்கிடமில்லாத முழு மன்னிப்பு வேண்டுமென்றார். அது கிடைக்கவில்லை.

இந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ராட்சசத்தனம், நிழல், கடினமான அத்தியாயம், வெட்கம், வருத்தம். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பணிவாக இருக்கிறது. ஆனால் எதிலும் செய்தவன் இல்லை. இலக்கணம் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். 'ரிக்ரெட்' என்ற சொல் 'நடந்தது' என்பதோடு சேரும். புயல் நடந்தது, பூகம்பம் நடந்தது என்பது போல, துப்பாக்கிச் சூடும் நடந்தது. மன்னிப்பு அப்படி 'நடந்தது' என்பதோடு சேராது. அதற்கு 'செய்தேன்', 'செய்தோம்' என்று ஒரு வினைமுற்று வேண்டும். ஆபீஸ் சொல்லுக்கு எழுவாய் தேவையில்லை என்பதால்தான் ஆபீஸில் அது இவ்வளவு செல்லமாக இருக்கிறது.

கென்யா விஷயத்திலும் இதுதான் நடந்தது. 1950-களில் மௌ மௌ கிளர்ச்சியின்போது சிறை முகாம்களில் சித்திரவதை நடந்ததை 2013 ஜூன் மாதம் பிரிட்டிஷ் சர்க்கார் பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்த 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுன் கொடுக்கவும் இசைந்தது. அப்போதும் சொன்னது மனப்பூர்வமான 'ரிக்ரெட்' தான். 2023 அக்டோபரில் சார்லஸ் மன்னர் நைரோபிக்குப் போய், மிகப் பெரிய 'ஸாரோ' என்றார், மிக ஆழ்ந்த 'ரிக்ரெட்' என்றார், இதற்குச் சமாதானமே கிடையாது என்றார். 'அபாலஜி' என்ற சொல் மட்டும் வரவில்லை. பணத்தைக் கொடுக்க முடிந்தவர்களால் அந்தச் சொல்லைக் கொடுக்க முடியவில்லை.

"வெறும் சொல்தானே? செத்தவர்கள் பிழைத்து வரப் போகிறார்களா? இதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கொடுக்க மறுக்கிறவரைப் பார்த்தும் கேட்க வேண்டும். வெறும் சொல்தான் என்றால் ஏன் நூறு வருஷம் கைக்குள் மூடி வைத்துக்கொள்ள வேண்டும்? அதன் விலை அவர்களுக்குத் தெரியும். அடுத்த தேசம் கேட்கும், நஷ்டஈட்டு வழக்கு வரும், பாடப் புத்தகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்பதெல்லாம் தெரியும். செல்லாக் காசு என்று தெரிந்த நாணயத்தை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை.

2019 செப்டம்பரில் இங்கிலாந்தின் தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி ஜாலியன்வாலா பாகுக்கு வந்தார். தாம் வெட்கப்படுவதாகவும் ஸாரி என்றும் சொன்னார். தாம் மதத் தலைவரேயன்றி அரசியல்வாதி அல்லர், சர்க்காருக்காகப் பேச முடியாது என்றும் சொன்னார். பிறகு நினைவுச் சின்னத்தின் முன்னால், செப்டம்பர் வெயிலில், மண்ணில் குப்புற விழுந்து கிடந்து பிரார்த்தனை செய்தார். அப்போது கான்டர்பரியின் பேராயராக இருந்தவர் அவர். மனச்சாட்சி திரும்பத் திரும்பக் கடிக்கும் என்று 1340-ல் ஒரு துறவி எழுதி வைத்தது அந்த ஊரில்தான்.

அவர் சொன்னது ஒரு மனிதருடைய மன்னிப்பு. அதற்கு உரிய மரியாதையை நம் ஜனங்கள் கொடுத்தார்கள். ஆனால் சுட உத்தரவிட்டது ஒரு சர்க்காரின் சீருடை. சீருடை செய்ததற்குச் சர்க்கார்தான் 'செய்தோம்' என்று சொல்ல வேண்டும். பாகின் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களைச் சுற்றிக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிற குழந்தைகள் விரலை நீட்டி எண்ணிப் பார்க்கிறார்கள்.